ஊத்தை ஸ்பொஞ்சுக்கு ஒரு வக்காலத்து

மீன் கடைக்குப் போனால் பில்டருக்குள்ள போடவென்று குறைஞ்சது நாலு சாமான் காட்டுவினம். வெள்ளைப் பஞ்சு, கறுப்பு ஸ்பொஞ், பீங்கான் வளையம், சின்னப் பையில் கரி. "எல்லாத்தையும் போடுங்கோ, மாசம் ஒருக்கா மாத்துங்கோ" என்பதுதான் வழக்கமான ஆலோசனை. மகாபொல காசு வர முதலே அதுக்குச் செலவுக்கணக்கு எழுதிவைக்கிற கலைப்பீடப் பிள்ளைக்கு, இதில் "மாசம் ஒருக்கா" மட்டும் வடிவாகக் கேட்கும்.

நாலையும் மாத்தத் தேவையில்லை. பஞ்சு மிதக்கிற தூசைப் பிடிக்கும், அடைச்சால் எறியலாம், மலிவு. கரி நிறத்தையும் மணத்தையும் இழுக்கும், சில கிழமையில் நிரம்பி வேலையை நிப்பாட்டிவிடும். இலங்கை இந்தக் கரியைத் தேங்காய்ச் சிரட்டையில் செய்து உலகத்துக்கு ஏத்துமதி செய்கிற நாடு. அதுக்காக அடுப்புக் கரியை அள்ளிப் போட்டால் சரிவராது. நீராவியோடு 800 பாகைக்கு மேல் சூடாக்கி நுண்துளைகளைத் திறந்தால்தான் அந்தக் குணம் வரும். மீனுக்கு மருந்து போடேக்க கரியை வெளியில எடுக்க வேணும், இல்லாட்டி மருந்தையும் அதுவே குடிச்சிடும். மற்ற நாளில் கரி இல்லாமலே தொட்டி நல்லா ஓடும். என்ர தொட்டியில் கரி இல்லை.

மிச்சம் ஸ்பொஞ்சும் வளையமும். இவை ஊத்தை பிடிக்கிற சாமான் என்றுதான் எல்லாரும் நினைக்கிறம். உண்மையில் இவை குடியிருக்க இடம். மீனின் கழிவிலும் மிஞ்சின சாப்பாட்டிலும் இருந்து அமோனியா வருது. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும், மூன்றாவது அவ்வளவு மோசமில்லை. (பள்ளிக்கூடத்தில் அந்த இரண்டாவது ஆளை நைத்திரோபக்டர் என்று பாடமாக்கினோம். மீன்தொட்டிகளில் அந்த வேலையைச் செய்யிறது நைத்திரோஸ்பைரா என்று 1990களின் கடைசியில் கண்டுபிடிச்சினம்.) புதுத் தொட்டியில் இந்தக் குடியேற்றம் முடிய 4 தொடக்கம் 6 கிழமை எடுக்கும். மாசம் ஒருக்கா ஸ்பொஞ்சை மாத்திறது என்றால், ஊர் வந்து குடியேறி முடியிற நேரம் பார்த்து ஊரையே கிளப்பி விடுறது.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் முக்கியம். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாறது, காரத்தன்மை கூட. பி.எச் 7 இல் இருக்கிறதைவிட 8 இல் அமோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்கு. அதனால் "கப்பி எதுக்கும் தாங்கும்" என்கிற கதையை நம்பி ஸ்பொஞ்சில் கை வைக்காதேங்கோ.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்திறதுதான் கஷ்டம். சட்டி பானை மினுங்கிற குசினியை நடத்திற மனுசிக்கு, மண்ணிறத்தில் வழவழ என்று இருக்கிற ஸ்பொஞ் ஒரு அவமானம். சவர்க்காரம் போட்டுத் தரட்டோ என்று கேட்பா. நான் செய்யிறது இவ்வளவுதான்: தண்ணி மாத்தேக்க தொட்டித் தண்ணியிலேயே ஒரு வாளி எடுத்து, அதுக்குள்ள ஸ்பொஞ்சை இரண்டு மூன்று தரம் பிழிஞ்சு திரும்ப வைக்கிறது. வெள்ளையாக வரத் தேவையில்லை, தண்ணி ஊடாகப் போனால் காணும். கொழும்பில் இருக்கிற கூட்டாளிமார் குழாய்க்குக் கீழ பிடிச்சுக் கழுவக் கூடாது, குளோரீன் முழுக் குடியையும் அழிச்சுப்போடும்.

பீங்கான் வளையம் வாங்கக் காசில்லையென்றால் பழைய ஓட்டுத் துண்டு, உடைஞ்ச மண்சட்டி, சட்டி தேய்க்கிற பிளாஸ்ரிக் வலை எல்லாம் போடலாம். பூச்சுப் பூசாததாக இருக்க வேணும், வலை புதுசாக இருக்க வேணும். பற்றீரியா விலைச்சீட்டுப் பார்த்துக் குடிவாறதில்லை. முருகைக்கல் மட்டும் வேண்டாம். அது தண்ணியை இன்னும் வன்மையாக்கும், எங்களுக்கு அது ஏற்கெனவே தாராளம்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினவை. அப்ப மூடின பெட்டிப் பில்டரை விட, தொட்டிக்குள்ளேயே நிற்கிற ஸ்பொஞ் பில்டர் எவ்வளவு நல்லது என்று கண்டம். மூடின பெட்டிக்குள் ஒட்சிசன் முடிஞ்சு பற்றீரியா சாகும், கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணி நேரே தொட்டிக்குள்ள போகும். எங்கட ஸ்பொஞ் திறந்த தண்ணியில் நின்றது. தம்பியும் நானும் முறை வைச்சுச் செம்பால் தண்ணி அள்ளி உயரத்தில் இருந்து ஊத்தினோம். சாப்பாட்டையும் பாதியாகக் குறைச்சோம்.

நைத்திரேற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். எந்த ஸ்பொஞ்சும் அதை எடுக்காது. தண்ணி மாத்தினால் குறையும் என்றுதான் எல்லா இடமும் எழுதியிருக்கு. போன மாசம் சோதனைத் தாள் வாங்கித் தொட்டித் தண்ணியில் தோய்ச்சேன், கடும் சிவப்பு. பாதித் தண்ணியை மாத்திப்போட்டுப் பார்த்தேன், அதே நிறம். பிறகு கிணத்துத் தண்ணியைத் தனியாகப் பார்த்தேன். அதுவும் அதே நிறம்.

தோட்டங்களுக்குப் போடுற பசளையும் மலசலகூடக் குழிகளும் நிலத்தடி நீருக்குள் நைத்திரேற்றைச் சேர்க்கிறது குடாநாட்டில் புதுக் கதையில்லை. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்குச் சொல்லுற அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். தொட்டிக்கு வழி இருக்கு: மணி பிளான்ட் கொடியை வேர் மட்டும் தண்ணிக்குள் நிற்கிற மாதிரி வைச்சிருக்கிறேன், அது நைத்திரேற்றை உறிஞ்சி வளரும். ஆனால் அக்காவின் பிள்ளைக்கு 5 மாசம், மாப்பால் கரைக்கிறது இதே கிணத்துத் தண்ணியில். நைத்திரைற்று மீனின் இரத்தத்தை ஒட்சிசன் காவ விடாமல் பண்ணுற மாதிரித்தான், பச்சைக் குழந்தையின் உடம்பிலும் நைத்திரேற்று நைத்திரைற்றாகி அதே வேலையைச் செய்யும்.

"கொதிக்க வைச்சால் போகாதோ?" என்று அம்மா கேட்டா. போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் செறியும். குசினியில் இருக்கிற குடிதண்ணிப் பில்டரின் பீங்கானும் கரியும் இதைப் பிடிக்காது. தாளின் நிறத்தை நம்பி முடிவெடுக்கேலாது என்பதால் ஒரு போத்தல் கிணத்துத் தண்ணியை ஆய்வுகூடத்துக்குக் குடுத்திருக்கிறம். முடிவு வரும்வரைக்கும் பிள்ளைக்குப் போத்தல் தண்ணிதான்.