ஃபர்ஸ்ட் பேஸ்

ஜூலை 8

வலது உள்ளங்கை வீங்கிவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே தொட்டாலே உயிர் போகிறது. ஸ்கூல் சாஃப்ட்பால் மூட்டையில் கிடப்பதெல்லாம் இடது கையில் மாட்டுகிற கிளவுஸ். நான் எறிவதே இடது கையால். சுண்டுவிரல் இடத்தில் கட்டைவிரலைத் திணித்துக்கொண்டு இன்றைக்கும் ஃபர்ஸ்ட் பேஸில் ஆடினேன். பந்து பாக்கெட்டில் விழவே இல்லை. நேரே கையில்தான்.

ஜூலை 9

அப்பா வாங்கித் தருகிறார்! "ஒண்ணுதான் முடியும்மா, யோசிச்சுச் சொல்லு."

கிளவுஸா, மிட்டா? மிட்டில் விரல் பிரியாது. ஓரமெல்லாம் கனம். ஆனால் விதிப்படி கேட்சரும் ஃபர்ஸ்ட் பேஸும் மட்டும்தான் போடலாம். கிளவுஸ் என்றால் எங்கேயும் நிற்கலாம். சார் என்னை எங்கே நிறுத்துவாரோ. கை இன்னும் வலி.

ஜூலை 11

ரைட் ஃபீல்டு. மலைக்கோட்டைப் பக்கமிருந்து அனல். பந்தே வரவில்லை. கை வலிக்கவில்லை. அதுவும் பிடிக்கவில்லை. சரி, கிளவுஸே வாங்கலாம். 13 அங்குலம், ஆழமான பாக்கெட். இரண்டு இடத்துக்கும் ஆகும். முடிவு பண்ணியாச்சு.

ஜூலை 12

மறுபடி ஃபர்ஸ்ட் பேஸ். ஷார்ட்ஸ்டாப் அக்கா எறிந்தது தரையில் குத்தி எழும்பியது. கால் பேஸில், கை புழுதியில். வாரிவிட்டேன். அவுட்! 60 அடி ஓடி வந்தவள் நம்பவே இல்லை. கை எரிகிறது. எரியட்டும்.

"லெஃப்டிக்கு இது சொந்த இடம்மா" என்றார் சார். கிளவுஸ் போட்ட கை செகண்ட் பேஸ் பக்கம் நீளும். பிடித்ததும் உடம்பைத் திருப்பாமலே எறியலாம். ஷார்ட், செகண்ட், தேர்டில் எங்களை நிறுத்தவே மாட்டார்கள்.

மிட்?

ஜூலை 14

அப்பாவோடு மதுரை. இடதுகைக்காரர்களுக்கென்று கடையில் ஒரு கிளவுஸ், ஒரு மிட். அவ்வளவுதான். அப்பா இரண்டையும் மடக்கினார், முகர்ந்தார், நகத்தால் அழுத்தினார். தோல்ஷாப்பில் பழகிய கை. "மாட்டுத்தோல்தான். முரடு. தினம் மடக்கினா படியும்."

கிளவுஸ் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மிட் என்று வந்துவிட்டது.

ஜூலை 15

அட்டை மாதிரி விறைப்பு. மூடவே மாட்டேன் என்கிறது. 12 அங்குலச் சுற்றளவுப் பந்து, உள்ளே விழுந்து துள்ளி வெளியே ஓடுகிறது. கிளவுஸ் வாங்கியிருக்கலாமோ. அழுகை வந்தது. பந்தை உள்ளே வைத்து அம்மாவின் பழைய துப்பட்டாவால் இறுக்கிக் கட்டிவைத்திருக்கிறேன்.

ஜூலை 18

மடங்குகிறது! வலையில் வந்து விழுந்தது. "டப்". உள்ளங்கைக்குத் தெரியவே இல்லை. வீக்கமும் வடிகிறது. நாளைக்கு சார் டீம் எழுதுகிறார். எழுதும் முன்னால் நானே போய்க் கேட்கப்போகிறேன். ரைட் ஃபீல்டு வேண்டாம் சார், ஃபர்ஸ்ட் பேஸ் எனக்குத் தாங்க.