சல்லடையும் காந்தமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எங்கள் தா.பழூருக்குத் தெற்கே கொள்ளிடம் ஓடுகிறது. பழைய ரேடியோவின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஆற்று மணலில் புரட்டுவது சிறுவயதில் எங்களுக்கு விளையாட்டு. கரிய துகள்கள் மயிர்போல் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றில் மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் உண்டென்பது கல்லூரிக்கு வந்த பின்னரே தெரிந்தது.

"காந்தத்தை வெட்டினால் ஒவ்வொரு துண்டும் காந்தமே" என்றார் எங்கள் பேராசிரியர். "வெட்டிக்கொண்டே போனால், ஐயா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, மறுநாள் ஒரு நூலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

மணல்துகள் ஒன்றினுள்ளே பல காந்தப் பகுதிகள் ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கின்றன. ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு நானோ மீட்டர். துகள் சில பத்து நானோ மீட்டராகச் சிறுத்தால் துகள் முழுதும் ஒரே பகுதியாகிவிடும். மேக்னடைட்டில் சுமார் 20 நானோ மீட்டருக்கும் கீழே போனால், அறையின் வெப்பமே அதன் வடக்கையும் தெற்கையும் ஓயாமல் புரட்டிவிடும். காந்தப்புலத்தை விலக்கியதும் காந்தத்தன்மை நிற்காது.

பிஸ்மத் ஃபெரைட் இன்னும் விந்தையானது. அதில் மின்னும் காந்தமும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. அதன் அணுக்காந்தங்கள் 62 நானோ மீட்டருக்கு ஒரு சுற்றாகச் சுழன்று, தம் வலிமையைத் தாமே அழித்துக்கொள்கின்றன. துகள் அதைவிடச் சிறிதானால் சுற்று முற்றுப்பெறாது. மிஞ்சிய காந்தம் வெளிப்படும். துகள் சிறுக்கச் சிறுக்கக் காந்தம் கூடுவதை 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

என் தந்தையார் கட்டட வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போனதில்லை. என் பாடத்தை அவரிடம் பேசி என்ன பயன் என்றிருந்தேன். அதை எழுதவே இப்போது கூசுகிறது.

ஒரு ஞாயிறு மாலை மணல் சலித்துக்கொண்டிருந்தவர், "ராவெல்லாம் அப்படி என்ன தம்பி படிக்கிறே?" என்றார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். பொருள் ஒன்றே, அளவு மாறினால் குணம் மாறுகிறது என்றேன்.

"இதுல என்ன அதிசயம்? நைசா சலிச்ச மணலு பூச்சுக்கு ஆவும், காங்கிரீட்டுக்கு ஆவாது. ரெண்டும் ஒரே ஆத்து மணலுதானே!" என்றார்.

இரண்டும் ஒன்றல்ல. சல்லடை துகள்களைப் பிரிக்கிறது. துகளின் உள்ளியல்பை மாற்றுவதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவன், "ஏன் அப்பா ஆவாது?" என்று கேட்டேன். அவர் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, சிமெண்டும் நீரும் மணலும் சேரும் கணக்கை இருட்டும்வரை சொன்னார். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

தோழர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். இன்று படித்ததை இன்றே வீட்டில் சொல்லிப் பாருங்கள். பதிலையும் கேட்டு வாருங்கள்.