பின்கட்டுக்கு வந்த டீவி

போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் கேட்டார். "சார், உங்க வீட்டு பழைய டீவியில யூடியூப் எல்லாம் வருதாமே, எப்படி?" எழுதிப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் 1982-இல் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. வயதானவன் எழுதினால் அப்படித்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் காரைக்காலில் குமாஸ்தா. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-லேயே வந்துவிட்டது என்றாலும் அந்த அலை நம் டெல்டாவுக்கு எட்டவில்லை. எங்களுக்கு முதலில் கிடைத்தது இலங்கையின் ரூபவாஹினிதான். ஜப்பான் அரசின் உதவியோடு 1982 பிப்ரவரி 15-ஆம் தேதி தொடங்கிய நிலையம் அது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒளிபரப்பினால் இந்தப் பக்கம் பார்க்கலாம். ஆனால் வீட்டு மாடியில் ஆளுயரத்துக்கு மூன்று நான்கு மடங்கு குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, நடுவில் பூஸ்டர் வைக்க வேண்டும். காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். என் தம்பி மாடியில் நின்று குழாயைத் திருகுவான். நான் கூடத்தில் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாகக் கொட்டும் திரையைப் பார்த்தபடி கத்துவேன்.

"தெரியுதாண்ணே?"

"கொஞ்சம் கிழக்கால... விடு, விடு, அங்கேயே நிறுத்து!"

சிங்கள நிகழ்ச்சியில் ஒரு வார்த்தை புரியாது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு அந்தப் படிப்பும் கைகொடுக்கவில்லை. தமிழ்ச் செய்தி வரும் வரை காத்திருப்போம். தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது 1997. தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகம் ஜூன் 9 என்று நாள் குறித்திருந்தார்கள். என் மனைவிக்குத் தஞ்சாவூரில் அக்கா வீடு இருந்தது. இரண்டு நாள் முன்னதாகவே போய்த் தங்குவதாக ஏற்பாடு. பையெல்லாம் கட்டியாயிற்று. ஏழாம் தேதி யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்தது. நாற்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். செய்தி வந்ததும் நான் ஒன்றும் பேசாமல் பையைப் பிரித்து, புடவைகளை எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். அவள் அக்கா வீட்டில் எல்லோரும் பத்திரம் என்று தெரிந்த பிறகும் நான் இறங்கி வரவில்லை. கும்பாபிஷேகம் குறித்த நாளில் நடந்தது. அவள் போகவில்லை.

அன்று தடுத்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பையைப் பிரித்தேனே, அது சரியில்லை. அதை அவள் சண்டையாகச் சொன்னதே இல்லை. எப்போதாவது பெரிய கோயில் பேச்சு வந்தால் மட்டும் "நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல" என்பாள். எனக்கு அது போதும்.

ஓய்வு பெற்ற பின் திருப்பனந்தாளில் பூர்வீக வீட்டுக்கு வந்துவிட்டோம். 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி, 23 வருஷத்துக்குப் பிறகு, பெரிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று அறிவித்தார்கள். "இந்தத் தடவை யார் சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். சொல்லி ஒரு மாதம் ஆகவில்லை, டிசம்பரில் கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கும்பகோணத்தில் அறுவை சிகிச்சை. வீட்டுக்கு வந்ததும் பின்கட்டு அறையில் கட்டில் போட்டோம், குளியலறை அங்கேதான் பக்கம். இரண்டு மாதத்துக்குப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் என்னைப் பார்த்து, "ஏங்க, அப்ப நீங்க விடல. இப்ப சாமியே விடல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

டீவியோ முன்கட்டுக் கூடத்தில், சுவரில் திருகி மாட்டியிருக்கிறது. கேபிள் இணைப்பும் தெருப்பக்கம்தான். பின்கட்டுக்கு ஒயர் இழுத்துத் தரச் சொன்னால் கேபிள்காரத் தம்பி "நாளைக்கு வர்றேன் சார்" என்றார். நாளைகள் போய்க்கொண்டிருந்தன. கைபேசியில் பார்க்கச் சொல்லலாம் என்றால் அவளுக்குக் கண்ணில் புரை. அந்தச் சின்னத் திரையில் கோபுரம் என்ன, கலசம் என்ன.

பொங்கலுக்கு வந்த பேரன்தான் வழி சொன்னான். பரணில் பழைய 32 அங்குல டீவி ஒன்று கிடந்தது. ஸ்மார்ட் டீவி இல்லை, ஆனால் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தது. "போதும் தாத்தா" என்று தன் பையிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்து என் கையில் வைத்தான். கல்லூரி ப்ராஜெக்டுக்கு வாங்கியதாம். அளவு நம் ஸ்மார்ட் ரேஷன் கார்டுதான், கொஞ்சம் தடிமன். பெயர் ராஸ்பெர்ரி பை.

இதைப் பற்றி நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளை, பள்ளிப் பிள்ளைகள் கணினி நிரல் எழுதக் கற்க வேண்டும் என்பதற்காக 2012 பிப்ரவரி 29 அன்று வெளியிட்டது. முதலில் வந்ததன் விலை 35 டாலர். ஒரே பலகையில் முழுக் கணினி. ஹார்ட் டிஸ்க் கிடையாது, அதற்குப் பதில் கைபேசியில் போடும் மைக்ரோ எஸ்.டி. கார்டு. பேரன் கொடுத்தது 2016-இல் வந்த மூன்றாம் மாதிரி, வைஃபை அதிலேயே உண்டு. பாடம் படிப்பதற்காகச் செய்த பலகையை உலகம் முழுக்க ஜனங்கள் டீவிக்குப் பின்னால் சொருகிப் படம் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

செய்முறை இதுதான். லிப்ரேஎலெக் என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் இறக்கி, எஸ்.டி. கார்டில் எழுத வேண்டும். அதற்குள் கோடி என்ற நிகழ்ச்சி காட்டும் நிரல் இருக்கிறது. கார்டைப் பலகையில் சொருகி, எச்.டி.எம்.ஐ. ஒயரை டீவியில் மாட்டி, மின்சாரம் கொடுத்தால் திரை வரும். பேரன் இதுவரை செய்து கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். மீதி என் பாடு.

முதல் தொல்லை மின்சாரம். வீட்டிலிருந்த பழைய கைபேசி சார்ஜரைப் போட்டேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை படம் நின்றது. திரையின் மேல் மூலையில் மஞ்சளாக ஒரு மின்னல் அடையாளம் வந்து வந்து போனது. போனில் கேட்டால், "தாத்தா, அதுக்கு 5 வோல்ட் 2.5 ஆம்பியர் வேணும். உங்க சார்ஜர் பத்தல, அதைத்தான் மின்னல் சொல்லுது" என்றான். கும்பகோணத்தில் சரியான சார்ஜர் வாங்கி வந்தேன். மின்னல் போய்விட்டது.

இரண்டாவது, யூடியூப். கோடியில் யூடியூப் வர வேண்டுமானால் கூகுளிடம் மூன்று சாவிகள் வாங்கி உள்ளிட வேண்டும். ஒவ்வொன்றும் தலையும் வாலும் இல்லாத எழுத்துக் கோவை. முப்பத்தைந்து வருஷம் கோப்பு நகல் எடுத்தவன் நான். ஆனால் ஒன்று எது, சின்ன 'எல்' எது என்று தெரியாமல் இரண்டு நாள் போனது.

மூன்றாவது தவறு என்னுடையதே. மொழிப் பட்டியலில் பிரெஞ்சு இருந்ததைப் பார்த்து ஆசையில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். எனக்கு ஆங்கிலத்தைவிட அது சுலபம். மனைவி திரையைப் பார்த்தாள். "சாமி பாக்கற பொட்டிக்கு எதுக்கு பிரெஞ்சு? நீங்க வெளியில போனா நான் யாரைக் கேக்கறது?" நியாயம்தான். கடைசியில் ஒரு வழி செய்தேன். நட்சத்திரப் படம் போட்ட 'பிடித்தவை' பகுதியில் நான்கைந்து சேனல்களை மட்டும் வைத்தேன். டீவியின் சொந்த ரிமோட்டே எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாகப் பலகைக்கும் வேலை செய்கிறது என்பது பெரிய வசதி. நட்சத்திரத்துக்குப் போ, ஓகே அழுத்து, அவ்வளவுதான். எழுத்தே படிக்க வேண்டாம்.

நடுவில் தெரிந்த பையன் ஒருவன் ஆயிரம் சேனல் வரும் என்று ஒரு பட்டியல் அனுப்பினான். கட்டணச் சேனல்கள் எல்லாம் ஓசியில். அழித்துவிட்டேன். "நீங்க மட்டும் அந்தக் காலத்துல இலங்கை டீவியை ஓசியில பாக்கலையா தாத்தா?" என்றான் பேரன். அது அவர்களே காற்றில் விட்டது, இது பூட்டை உடைப்பது என்றேன். டிடி தமிழும் (அப்போது பொதிகை) திருப்பதி தேவஸ்தானத்தின் சேனலும் செய்திச் சேனல்களும் யூடியூபில் தாங்களாகவே நேரலை தருகின்றன. நம் வயதுக்கு அது தாராளம்.

பிப்ரவரி 4 சாயங்காலம் எல்லாம் தயார். ராத்திரி எட்டு மணிக்கு லேண்ட்லைன் போனது, கூடவே இணையமும். விடிந்தும் வரவில்லை. பேரனைக் கூப்பிட்டேன். கைபேசியில் ஹாட்ஸ்பாட் போடச் சொன்னான். என் திட்டத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. தான். நல்ல தெளிவான படம் மணிக்கு ஒரு ஜி.பி. தின்றுவிடும். "தெளிவை 480-க்குக் குறைங்க தாத்தா. பாதிக்கும் கம்மியாதான் ஆகும், மூணு மணி நேரம் ஓடும்" என்றான். குறைத்தேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"தெரியுதா தாத்தா?"

காரைக்கால் மொட்டை மாடியிலிருந்து கேட்ட மாதிரி இருந்தது. ஜன்னலோரம் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கிழக்கால நகர்ந்தேன். தெரிந்தது. விமானம் முழுதாகத் தெரிந்தது.

முன்கட்டில் கேபிள் டீவியும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சமஸ்கிருதத்திலும் தமிழிலும் மந்திரம் ஓத வேண்டும் என்று உயர் நீதிமன்றம் அப்போதுதான் சொல்லியிருந்ததால் தேவாரம் கேட்க எல்லோருக்கும் ஆவல். ஒன்பதரை மணி வாக்கில் முன்கட்டிலிருந்து "ஊத்திட்டாங்க, ஊத்திட்டாங்க" என்று சத்தம். பின்கட்டுத் திரையில் இன்னும் குடம் சாயவேயில்லை.

"ஏங்க, அவங்களுக்கெல்லாம் ஊத்திட்டாங்களாம். எனக்கு மட்டும் இன்னும் ஊத்தல" என்றாள் மனைவி.

இணைய நேரலையில் இது உண்டு. தண்ணீர் மாதிரி ஒரே ஓட்டமாக வருவதில்லை. சில நொடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். நம் பெட்டி இரண்டு மூன்று துண்டுகளைத் தேக்கி வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். முறைப்பாசனம்தான். மேல்மடைக்குப் பாய்ந்த பிறகு கடைமடை. அரை நிமிஷம் பின்தங்கும். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவள் திரையிலும் கலசத்தின் மேல் நீர் விழுந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். முன்கட்டுப் பெண்களும் "இங்கேயும் வருதா!" என்று பின்கட்டுக்கு வந்து கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஏற்கெனவே பார்த்ததை இன்னொரு தரம் அவளோடு பார்த்தார்கள். கூடத்து டீவி யாருமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதமே ஊரடங்கு. கோயில்கள் மூடின. மே 4-ஆம் தேதி மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது, இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். அந்த நேரத்தில் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது இவள் வழக்கம். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "இதுல அரை நிமிஷம் லேட்டுன்னு சொன்னீங்களே. முகூர்த்தம் தப்பிடாதா?" முகூர்த்தம் என்பது ஒரு நொடி அல்ல, அதற்குள் அரை நிமிஷம் அடங்கும் என்றேன். சமாதானமாகி, மாற்றிக்கொண்டாள்.

அவள் நடக்க ஆரம்பித்து, கொரோனாவும் ஓய்ந்த பிறகு, 2022-இல் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். பை அவளே கட்டினாள். நான் தொடவில்லை. கைத்தடியை ஊன்றி, பிரகாரத்தில் நின்று அண்ணாந்து நெடுநேரம் பார்த்தாள். 97-இல் நான் கேட்டிருக்க வேண்டும் என்று அப்போது சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "டீவியில கலசம் இன்னும் கிட்டக்கத் தெரிஞ்சுது" என்றாள்.

நண்பர் கேட்டதற்குப் பதில்: இன்று புதிதாகச் செய்பவர்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டாம். டீவியில் சொருகும் ஸ்டிக் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதற்குச் சாவி எதுவும் தேட வேண்டியதில்லை. பேரன் பேரத்தி யாரிடமாவது பழைய பலகை சும்மா கிடந்தால் மட்டும் கேட்டு வாங்குங்கள். சார்ஜர் மட்டும் சரியானதாக இருக்கட்டும். எங்கள் பச்சை அட்டை இன்னும் பின்கட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. படம் நின்றுபோனால் அவளே ஒயரைப் பிடுங்கிச் சொருகிவிடுகிறாள்.