ஒண்ணேகால் ரூபாய் கம்ப்யூட்டர்

அப்பாவின் கம்ப்யூட்டர் கண் விழிக்க ஆறு நிமிஷம் ஆகும். மிகையில்லை. பட்டனைத் தட்டிவிட்டு, பால் காய்ச்சி, காபி கலந்து, டம்ளரோடு வந்து உட்காருவார். அப்போதுதான் திரையில் மவுஸ் அம்பு தலைகாட்டும்.

2011-ல் முப்பதாயிரம் ரூபாய்க்கு நான் வாங்கிக் கொடுத்தது. கோர் ஐ3, நாலு ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். எங்கள் அபார்ட்மென்ட்டின் மெயின்டனன்ஸ் கணக்கு முழுக்க அதில்தான். கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் பேரேடு எழுதியவர். பைசா பிசகாது.

“இதைத் தூக்கிப் போட்டுட்டு லேப்டாப் வாங்கிக்கலாம்ப்பா” என்றேன்.

“ஓடற வண்டியை எதுக்குடா விக்கணும்?” என்றார். அதுவும் நான் இரண்டு தடவை சொன்ன பிறகு.

நான் பி.காம். என் புத்தி எங்கே போகும்? தேய்மானக் கணக்கு போட்டேன். வருமான வரி விதிப்படி கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 60 சதவீதம் கழிக்கலாம். 2017-18 நிதியாண்டிலிருந்து 40 சதவீதம். மீதியில் மீதியாகக் கழித்துக்கொண்டே வந்தால், பதினைந்து வருஷத்தில் முப்பதாயிரம் ரூபாய் மெஷினின் மதிப்பு ஒரு ரூபாய் இருபத்து நாலு காசு!

அந்த ஒண்ணேகால் ரூபாயைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையன் மூடியைக் கழற்றித் தூசியை ஊதினான். ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினான். டிஸ்க் 100 சதவீதம், பிராசஸர் 7 சதவீதம்.

“பாத்தீங்களா சார்? மூளை சும்மாதான் உக்காந்திருக்கு. அதுக்கு வந்து சேர வேண்டியது லேட்டா வருது, அவ்ளோதான்.”

விஷயம் இதுதான். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. அதாவது விநாடிக்கு 120. கேட்ட தகவல் இருக்கும் இடத்துக்கு ஒரு சின்னக் கை நகர வேண்டும். அந்த இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படிச் சிதறிக் கிடக்கும் துணுக்குகளை விநாடிக்கு எண்பது, நூறுதான் எடுக்க முடியும். கம்ப்யூட்டர் விழித்தெழ ஆயிரக்கணக்கில் வேண்டும். ரெக்கார்டு ரூமிலிருந்து ஒரே ஒரு பியூன் ஒவ்வொரு ஃபைலாக எடுத்து வர, மேனேஜர் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்குத் தட்டே கிடையாது. எல்லாம் சிப். எண்பதுகளில் ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்த ஃப்ளாஷ் மெமரியின் வாரிசு. கேட்டதை எடுத்துத் தர மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். பழைய போர்டில் இதன் முழு வேகம் கிடைக்காது. ஆனாலும் அந்தக் காத்திருப்பு போய்விடும்.

நாலு ஸ்க்ரூ, இரண்டு கேபிள். வேலை முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. இந்த மெஷினை விண்டோஸ் 11 தன் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. அதனால் எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸ் போட்டான். பழைய டிஸ்க்கும் உள்ளேயே இருக்கட்டும் என்றேன். கணக்குகளை மட்டும் ஒரு பென் டிரைவில் தனியாக எடுத்து வைத்தோம். நீங்களும் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க் சாகுமுன் பெரும்பாலும் முனகும், எஸ்.எஸ்.டி. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடலாம். செலவு, புது மெஷின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது அரை நிமிஷத்தில் எழுந்துவிடுகிறது. அப்பா காபி கலக்கப் போனவர் பாதியில் திரும்பி வந்து, “அதுக்குள்ளயா?” என்றார்.

ஆனால் அந்த 100-ம் 7-ம் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு வருஷமாக அப்பா எதைக் கேட்டாலும் தாமதமாகத்தான் பதில் சொல்கிறார். சில சமயம் சம்பந்தமில்லாமல். ‘வயசாச்சு, மறதி வந்துடுச்சு’ என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டோம். அபார்ட்மென்ட்டில் இரண்டு பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கணக்கை வேற யார்கிட்டயாவது குடுத்துடலாமே?” என்று பக்குவமாகச் சொன்னார்கள். நானும் தலையாட்டியிருந்தேன். அத்தனைக்கும் அவர் கணக்கில் ஒரு தப்பு கிடையாது. அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. நான் உட்பட.

மறதிக்குப் பார்க்கலாம் என்று அழைத்துப் போன டாக்டர், முதலில் காதை டெஸ்ட் பண்ணச் சொன்னார். ஆடியோகிராமில் கோடு வலது பக்கம் போகப் போகச் சரிந்திருந்தது. வயதாகும்போது கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகுமாம். ச, ஸ, த மாதிரி எழுத்துகள் நழுவிவிடும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. மீதியை மூளை யூகித்து நிரப்ப வேண்டும். தாமதம் அங்கேதான். பிராசஸருக்கு ஒன்றுமில்லை.

நான் எழுதவிருந்த தேய்மானக் கணக்கை நினைத்து வெட்கமாக இருந்தது.

மெஷின் பொருத்தியிருக்கிறோம். பழக சில வாரம் ஆகும், தட்டு கழுவுகிற சத்தம்கூட இடி மாதிரி இருக்கும் என்றார்கள். அப்பா புகார் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:

“ஏம்ப்பா, சமையலறையில நீயும் அவளும் பேசறது இங்க வரைக்கும் நல்லாக் கேக்குது. கணக்கை யார்கிட்ட குடுக்கறதா இருந்தீங்க?”