ஒரு ரப்பர் ஷீட்டின் பூர்வீகம்

களியக்காவிளையைக் கடந்து கேரளத்துக்குள் செல்லுகிற சரக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சொந்த ஊர் ஒன்று உண்டு. வாழைக்குலை வாங்க வருகிறவர் அது எந்த ஊர் விளையில் வெட்டியது என்று கேட்காமல் விலை பேசுவதில்லை. மீன் கூடை இறங்கும்போதே அது குளச்சலில் ஏறியதா, தேங்காய்ப்பட்டணத்தில் ஏறியதா என்ற விவரமும் கூடவே இறங்கிவிடுகிறது. அதே சாலையில், தார்ப்பாய்க்கு அடியில் கட்டுக்கட்டாகச் செல்லும் ரப்பர் ஷீட்டைப் பற்றி மட்டும் ஒருவரும் அப்படி விசாரித்து நான் கேட்டதில்லை. என்ன தரம், என்ன எடை, இன்று கோட்டயத்தில் என்ன விலை என்ற மூன்று கேள்விகளோடு அந்த வியாபாரம் முடிந்துவிடுகிறது. இந்த எல்லையோரத்தில் வாழ்ந்து, அந்தச் சரக்கின் புகைமணத்தை நாள்தோறும் சுவாசித்துவரும் எனக்கு, ஒரு ஷீட்டைக் கையில் எடுத்து அதன் பூர்வீகத்தை அடிவரை தேடிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை உண்டானதற்குக் காரணம், வெகு தொலைவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம்.

2023-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்பைத் தடுக்கும் பொருட்டு அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. மாடு, கோக்கோ, காப்பி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும், அவற்றிலிருந்து செய்யப்படுகிற பண்டங்களும், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்தவையானால் ஐரோப்பியச் சந்தைக்குள் வரக்கூடாது என்பதும், அவை விளைந்த நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை இறக்குமதி செய்பவர் தெரிவித்தாகவேண்டும் என்பதும் அதன் சாரம். நாலு எக்டேருக்கு உட்பட்ட நிலமானால் ஒரு புள்ளியைக் காட்டினால் போதும். அதற்கு மேற்பட்டால் எல்லை முழுவதையும் வரைந்து காட்டவேண்டும். விளைந்த இடம் தெரிந்த ரப்பரோடு தெரியாத ரப்பரைக் கலந்துவிட்டால் அந்தச் சரக்கு முழுவதும் தகுதியை இழக்கும். சட்டம் அமலுக்கு வரவேண்டிய தேதி இருமுறை ஒத்திவைக்கப்பட்டது என்றாலும், டயர் உற்பத்தி செய்யும் பெரிய ஸ்தாபனங்கள் 2018-லேயே ஒன்றுகூடி, நீடித்த இயற்கை ரப்பருக்கென்று உலகளாவிய அமைப்பு ஒன்றை நிறுவியிருந்தன. பசுமை விநியோகச் சங்கிலி என்று வியாபார நிர்வாகம் பயின்றவர்கள் குறிப்பிடும் தத்துவம், ஆலைக்குள் புகையைக் குறைப்பதோடு திருப்தியடையாமல், மூலப்பொருள் பிறந்த மண்வரைக்கும் பின்னோக்கிச் சென்று, அங்கே இயற்கைக்கும் மனிதருக்கும் என்ன நேர்ந்தது என்று விசாரிப்பதாகும். அந்த விசாரணையை நம்முடைய ஷீட்டிலேயே நடத்திப் பார்க்கலாம் என்று புறப்பட்டேன்.

முதலில் சென்றது ஒரு மொத்த வியாபாரியின் கிடங்குக்கு. தேன்நிறத்தில் தெளிவாக இருக்கும் ஷீட்டுகள் ஒரு பக்கம், குமிழியும் அழுக்கும் பூசணமும் தென்படுகிறவை இன்னொரு பக்கம், மரத்திலும் சிரட்டையிலும் உறைந்துபோன ஒட்டுப்பால் தனியே மூட்டைகளில் என்று அங்கே எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஷீட்டை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, கண்ணால் பார்த்தே தரம் சொல்லிவிடும் அந்த மனிதரின் திறமை என்னை வியக்கச் செய்தது. இவை எந்தெந்த ஊரிலிருந்து வந்தவை என்று கேட்டதற்கு அவர், “அருமனையும் உண்டு, குலசேகரமும் உண்டு, கடையாலுமூடும் உண்டு. தரம் பாத்துப் பிரிச்ச பின்ன, எவருக்க ஷீட்டு எதுன்னு எப்பிடி சொல்ல? இஞ்ச வந்தா எல்லாம் ஒண்ணுதான் சாரே” என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. தரத்தை மட்டும் விசாரித்து இடத்தை விசாரிக்காமல் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஒரு வியாபாரத்தில், இடம் தொலைந்துபோகிற ஸ்தானம் இந்தக் கிடங்குதான் என்பது அங்கேயே எனக்குத் தெளிவாயிற்று. இங்கிருந்து கோட்டயம், கொச்சி வழியாக டயர் ஆலைக்குச் சேருகிறவரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ரசீது இருக்கிறது, வரி இருக்கிறது, கணக்கு இருக்கிறது. இங்கிருந்து மரத்துக்குத் திரும்பிச் செல்லும் பாதையில்தான் காகிதம் எதுவும் இல்லை.

ஆகையால் காகிதத்தை விட்டுவிட்டு மனிதர்களைப் பிடித்துக்கொண்டு மேலே சென்றேன். அருமனைப் பக்கத்தில் ஷீட்டு வாங்கும் சிறு கடைக்காரர் ஒருவர், தமக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஒரு பெரியவரின் விளைக்கு வழி சொன்னார். இந்தியாவில் ரப்பர் பயிராகும் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இத்தகைய சிறு விவசாயிகளிடந்தான் இருக்கிறது. ஒருவருக்குச் சராசரி அரை எக்டேர் அளவே தேறும். எக்டேருக்கு ஏறத்தாழ 450 மரம் நடுவது வழக்கமாகையால், அரை எக்டேர்க்காரரின் குடும்பம் முழுவதும் இருநூற்றுச் சொச்சம் மரங்களை நம்பி ஜீவிக்கிறது. நட்டு ஏழாம் வருஷத்தில் வெட்டத் தொடங்கி, இருபது இருபத்தைந்து வருஷம் பால் எடுத்து, பிறகு மரத்தை விலைக்குக் கொடுத்துவிட்டு மறுபடி நடவேண்டும். ஒரு மனிதனின் உழைக்கும் வயதில் ஒரே ஒரு தலைமுறை மரத்தைத்தான் அவன் முழுவதும் காண்கிறான்.

பால் வெட்டுவதை அங்கே இருட்டு விலகுவதற்கு முன்பே பார்த்தேன். விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாகக் குனிந்து நிமிர்ந்து செல்லவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் சீவப்படுகிற பட்டை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்படக்கூடாது. பட்டைக்கு உள்ளே, மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்தின்மேல் கத்தி பட்டுவிட்டால், அந்த இடத்தில் புதிய பட்டை சரியாக வளராமல் முண்டும் முடிச்சுமாகி, பின்னால் வரவேண்டிய பல வருஷத்துப் பால் கெட்டுப்போகும். ஆயினும் அந்தப் படலத்தை ஒட்டியபடிதான் பால்குழாய்கள் நெருக்கமாக இருப்பதால், பயந்து மேலாகவே சீவினாலும் பால் கிடைக்காது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மயிரிழையில் கத்தியை ஓட்டுகிற கலையை, அந்த விளையில் கூலிக்குப் பால் வெட்டுகிற, பள்ளிக்கூடம் எதிலும் பயிலாத ஒரு பெண்மணி அநாயாசமாகச் செய்துகொண்டிருந்தார். மழை பெய்தால் வேலை இல்லை. இலையுதிரும் காலத்தில் வேலை இல்லை. மற்ற நாட்களிலும் மரத்துக்கு ஓய்வு கொடுத்து ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வெட்டு. உலகச் சந்தையின் விலை ஏறினாலும் இறங்கினாலும், அதன் முதல் அடி விழுகிற இடம் இவருடைய கூலி.

சிரட்டைகளில் சேர்ந்த பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் நீரே. அதை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தட்டுகளில் ஊற்றி, ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறையவைத்து, உறைந்ததை உருளை இயந்திரத்தில் கொடுத்து மெலிதாக்கி, வரிவரியாக அச்சு விழுந்த ஷீட்டைக் கழுவி, முதலில் காற்றாடவும் பிறகு விறகுப் புகையிலும் உலர்த்துகிறார்கள். பசுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கே சற்று நின்று கவனிக்கவேண்டும். உருளையிலிருந்து வழிகிற புளித்த நீர், அமிலமும் புரதமும் கலந்து, ஓடையில் விழுந்தால் ஓடையை நாறடிக்கிறது. புகை போடுவதற்கு விறகு எரிந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கமுடியும் என்பது பரிசோதித்து நிரூபிக்கப்பட்ட விஷயம். ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் பொது உலர்த்துமிடம் நடத்துகிற ஊர்களில் அது சாத்தியமாகவும் இருக்கிறது. தனி ஒருவர் தம் வீட்டுப் பின்புறத்தில் அதைச் செய்ய முடியாது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, “மக்களே, விலை சொல்லதுக்கு கோட்டயம் உண்டு, குறை சொல்லதுக்கு ஊருக்கெல்லாம் வாய் உண்டு, அந்தக் குழாய் வைக்கதுக்குப் பணம் யாரு தரும்?” என்று அவர் கேட்டார். இந்த வினாவுக்கு என்னிடம் மாத்திரமல்ல, இந்தச் சங்கிலியின் மறுமுனையில் இருப்பவர்களிடமும் இதுவரை பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

மரத்தை அடைந்தாயிற்று, ஆனால் பூர்வீகம் மரத்தோடு நிற்கவில்லை. பெரியவரின் விளையில் நின்றவை ஒட்டுக்கன்றுகள். மேற்பகுதி, ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980-ல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரகம், அதைத் தாங்குகிற அடிவேர், விதையிலிருந்து முளைத்தது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கடுமையாகப் பெய்யும் மாதங்களில் ஒருவகைப் பூஞ்சை இலையையும் காயையும் அழுகச் செய்துவிடுவதால், நல்ல விதை அங்கே அரிது. இரண்டு பருவமழையையும் மிதமாகப் பெறுகிற குமரி மாவட்டம் அந்த நோயிலிருந்து பெரும்பாலும் தப்பியிருப்பதால், நாற்றங்கால்களுக்கான விதை நெடுங்காலமாக இங்கிருந்தே பொறுக்கிச் சேர்த்து அனுப்பப்பட்டு வந்தது. கேரளத்துத் தோட்டங்கள் எத்தனையோ நம் மண்ணில் உதிர்ந்த விதையின் வேர்மேல் நிற்கின்றன என்ற செய்தியை இந்த மாவட்டத்தார் பலரே அறியார்.

அந்த விதைக்கு மூலம், 1876-ல் பிரேஸில் நாட்டுத் தபாஜோஸ் நதிக்கரைக் காடுகளிலிருந்து ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன ஏறத்தாழ 70,000 விதைகள். கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்தவை மிகச் சில ஆயிரமே; அவற்றில் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்குக் கப்பலேறி, ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேரூன்றியது. இந்தியாவுக்கு ரப்பர் வந்தது இலங்கை வழியாகத்தான். வியாபார ரீதியில் முதல் தோட்டம் 1902-ல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் அமைந்தது. மரம் வந்த அதே வழியில் பிற்காலத்தில் மனிதர்களும் வந்தார்கள். 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல, கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு ஆகிய இடங்களில் அரசு வளர்த்த ரப்பர் தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்டன. அந்தத் தோட்டங்களை 1984-ல் அமைந்த அரசு ரப்பர் கழகம் இன்றும் நிர்வகித்து வருகிறது. பாட்டன் கடல் கடந்து போய்க் காட்டை வெட்டித் தோட்டம் ஆக்கினான். பேரன் திரும்பிவந்து அதே மரத்தில் பால் வெட்டுகிறான். ஒரு ஷீட்டின் பூர்வீகத்தை எழுதவேண்டுமானால் இந்த இரண்டு கடற்பிரயாணங்களையும் சேர்த்தே எழுதவேண்டும்.

இங்கேதான் ஐரோப்பியச் சட்டத்தோடு எனக்கு வழக்கு உண்டு. 2020-ஆம் ஆண்டின் கடைசி நாளுக்குப் பிறகு வெட்டிய காட்டை மட்டும் அது கேட்கிறது. குமரி மலைச்சரிவுகளில் ரப்பருக்காகக் காடு வெட்டப்பட்டது அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்தது. அந்த மரங்களின் பாலைக்கொண்டு டயர் செய்து லாபமடைந்தவர்களில் ஐரோப்பியருக்கும் பங்கு உண்டு. பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிக்காரர்கள், அந்தக் காட்டிலேயே பிறந்தவர்கள், இன்று சிறு நிலங்களில் ரப்பர் வைத்திருக்கிறார்கள். விளைபொருள் சட்டப்படியான நிலத்தில் விளைந்தது என்று நிரூபிக்கவேண்டும் என்ற நிபந்தனை வருகிறபோது, காட்டை விலைக்கு விற்றவர்களைவிட, காட்டிலே இருந்துவந்தவர்களே பத்திரம் இல்லாமல் தவிக்க நேரும் என்பது என் அச்சம். சட்டத்தின் நோக்கம் நல்லது; அதை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். நிரூபிக்கும் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது நியாயமாகவோ அநியாயமாகவோ முடியும்.

இந்தத் தேடலில் நான் எதிர்பாராமல் கண்ட ஒன்றையும் சொல்லவேண்டும். டிசம்பரில் இலையுதிர்ந்து, ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடுமிடத்தில் சிறு சுரப்பிகள் தேனைக் கசிகின்றன. மார்த்தாண்டம் தேன் என்று பெயர் பெற்றதில் பெரும்பகுதி இந்தச் சுரப்பிகளிலிருந்து வருவதே. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே தளிர்க்காலத்தில்தான் சாம்பல் நோயைத் தடுக்கக் கந்தகத்தூள் தூவப்படுகிறது. தேன்கூட்டுக்காரர்களும் தோட்டக்காரர்களும் நாள் குறித்துப் பேசிக்கொள்ளாவிட்டால் நஷ்டம் தேனீக்கு. ரப்பரின் கணக்குப் புத்தகத்தில் தேனீக்கு ஒரு வரியும் இல்லை. நான் கவனித்த பெரிய விஷயம் வேறு: ஒரே மரத்தின் இலைக்காம்பில் ஊறுவது ஊர்ப்பெயரோடு கடைக்குப் போகிறது, அதன் பட்டையில் ஊறுவது பெயரின்றிப் போகிறது. தேனீ வளர்ப்பவர்கள் சுதந்திரத்துக்கு முன்பிருந்தே கூட்டுறவாகச் சேர்ந்து, கூட்டுக்குக் கூடு தேனைப் பிரித்து வைக்கப் பழகியிருந்ததாலேதான் அந்தப் பெயரைக் காப்பாற்ற முடிந்தது என்பது என் அபிப்பிராயம். அங்கே இயன்றது இங்கேயும் இயலும்.

இயலச்செய்ய என்ன வேண்டும்? ரப்பர் வாரியம் தோட்டங்களை வரைபடத்தில் பதியும் வேலையைத் தொடங்கியிருப்பது நல்ல ஆரம்பம். கிடங்குகளில் தரம் பிரிக்கும் முன்பே விளையின் அடையாளமிட்ட சீட்டு ஒன்று கட்டோடு இருக்கவேண்டும். அந்தச் சீட்டை எழுதுவதற்கும், ஷீட்டுகளைக் கலவாமல் வைப்பதற்கும் ஆகும் செலவை, கிலோவுக்கு இவ்வளவு என்று டயர் ஸ்தாபனங்கள் விலையோடு சேர்த்துத் தரவேண்டும். கழிவுநீருக்கும் புகைக்கும் பரிகாரமான பொது உலர்த்துமிடங்களை ஊருக்கு ஊர் சங்கங்களின் வசம் அமைத்துக் கொடுக்கவேண்டும். பசுமை என்ற சொல்லைத் தம் விளம்பரங்களில் எழுதுகிறவர்கள், அதன் கூலியை அரை எக்டேர்க்காரரிடமும், விடியுமுன் நெற்றி விளக்கோடு நடக்கும் பெண்ணிடமும் வசூலிக்கக்கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களும் வியாபாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து இந்த நிபந்தனையை, வாங்குகிறவர்கள் தங்கள் நிபந்தனையை விதிப்பதற்கு முன்பாகவே, எழுத்தில் முன்வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.