ஆடாமல் போன அணியின் பட்டியல்

‘இப்படி நடந்திருந்தால்’ என்று தொடங்கும் பேச்சுக்குக் கால்பந்தில் பஞ்சமே கிடையாது. அவற்றில் யூகோஸ்லாவியாவைப் பற்றிய பேச்சு முப்பது ஆண்டுகள் தாண்டியும் ஓயவில்லை. 1992 ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற்று, போட்டி நடக்கவிருந்த சுவீடனில் போய் இறங்கியும்விட்ட அணி அது. மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 757-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பொருளாதாரத் தடையோடு விளையாட்டுத் தடையும் சேர்ந்தே வந்தது. அணி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியது. தகுதிச்சுற்றில் அதற்கு அடுத்த இடத்தில் இருந்த டென்மார்க்கை அவசர அவசரமாக அழைத்தார்கள். ஜூன் 26 அன்று கோதன்பர்க் இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 2-0 என்று வென்று டென்மார்க் கோப்பையைத் தூக்கியது.

மாற்றாக வந்தவர்களே கோப்பையை வென்றார்கள் என்றால், இடத்தை இழந்தவர்கள் என்னவெல்லாம் செய்திருப்பார்கள்? இந்தக் கேள்வியை வெறும் பேச்சாக விட எனக்கு மனமில்லை. பழைய வீடியோ கேம் ஒன்றில் அந்த அணியை உருவாக்கி ஆடிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

நான் எடுத்துக்கொண்டது ‘சென்சிபிள் வேர்ல்ட் ஆஃப் சாக்கர்’. இங்கிலாந்தின் சென்சிபிள் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, 1994-ல் அமிகா கணினிக்காக வெளிவந்த ஆட்டம். இன்றைக்கு எமுலேட்டர் போட்டு சாதாரண லேப்டாப்பிலேயே ஆடலாம். 2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹென்றி லோவுட் தலைமையிலான குழு, காலத்துக்கும் பாதுகாக்கப்பட வேண்டிய பத்து வீடியோ கேம்களைப் பட்டியலிட்டபோது, அதில் இடம்பிடித்த ஒரே விளையாட்டுத்துறை கேம் இதுதான். மைதானத்தை மேலிருந்து பார்க்கும் கோணம். வீரர்கள் விரல்நகத்தைவிடச் சிறியவர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தான். பந்தை உதைத்த பிறகும் ஜாய்ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் பந்து காற்றில் வளைந்து போகும். அந்த வளைவைக் கைக்குக் கொண்டுவரத் தனிப் பயிற்சி வேண்டும்.

எனக்கு முக்கியமாகப்பட்டது அதில் சொந்த அணி உருவாக்கும் வசதி. ஒவ்வொரு வீரருக்கும் ஏழு திறன்கள்: பாஸ், உதையின் வேகம், தலையால் முட்டுதல், பந்தைப் பறித்தல், பந்துக் கட்டுப்பாடு, ஓட்டம், கோல் முடித்தல். பெயர்களை எழுதி, திறன்களை ஒதுக்கிவிட்டால் அணி தயார். ஆக, முதலில் வேண்டியது ஒரு பெயர்ப் பட்டியல். தேடல் அங்கேதான் தொடங்கியது.

1992-ன் பட்டியலை எழுத, அந்த ஆண்டு யூகோஸ்லாவியா கடைசியாக ஆடிய ஆட்டத்தைப் பார்த்தேன். மார்ச் 25, ஆம்ஸ்டர்டாம், நெதர்லாந்திடம் 0-2 தோல்வி. அந்த அணியில் ஸ்வோனிமிர் போபன் இல்லை. டாவோர் ஷூகர் இல்லை. ராபர்ட் ப்ரோசினெச்கி இல்லை. 1991 ஜூன் 25 அன்று குரோஷியாவும் ஸ்லோவேனியாவும் தனிநாடாக அறிவித்துக்கொண்டதோடு அந்த இரண்டு குடியரசுகளின் வீரர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் ஆட்டத்துக்குச் சில நாட்கள் கழித்து, ஏப்ரலில், போஸ்னியாவில் போர் மூண்டது. சரயேவோ முற்றுகைக்குள் சிக்கியது.

பயிற்சியாளர் இவிட்சா ஓசிம் சரயேவோக்காரர். அவருடைய மனைவியும் மகளும் அந்த முற்றுகைக்குள் இருந்தார்கள். மே 23 அன்று அவர் பதவி விலகினார். ஐ.நா. தீர்மானத்துக்கு ஒரு வாரம் முன்பே நடந்தது இது. ஊருக்காகத் தன்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான் என்ற பொருளில் அவர் அன்று பேசினார். கால்பந்து உலகில் நான் அறிந்த பதவி விலகல்களிலேயே இதற்குத்தான் என் மரியாதை முழுவதும்.

ஆக, சுவீடனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டது எஞ்சியவர்களின் அணி. டேயான் சவிசெவிச், டிராகன் ஸ்டோய்கோவிச் போன்றவர்கள் அதில் இருந்தார்கள், சாதாரண அணியில்லை. அந்தப் பட்டியலை எழுதி ஆடினேன், ஜெயிக்கவும் செய்தேன். ஆனால் வீடியோ கேமில் வரும் வெற்றிக்குச் சாட்சி மதிப்பு ஏதும் கிடையாது. அது என் விரல்களின் பழக்கத்தைத்தான் காட்டுகிறது. பட்டியலின் ஒவ்வொரு கட்டத்திலும் ‘இந்த ஆள் அன்று எங்கே இருந்தார்?’ என்று கேட்க வைத்ததே அந்த ஆட்டம் எனக்குத் தந்த பெரிய உதவி.

அடுத்த கேள்வி தானாக வந்தது. முழு அணியும் கடைசியாக ஒன்றாக ஆடியது எப்போது?

விடை 1991 மே 16. இடம் பெல்கிரேடு. எதிரணி ஃபேரோ தீவுகள். யூகோஸ்லாவியா 7-0 என்று வென்றது. கோல் அடித்தவர்கள் பட்டியலைப் பாருங்கள்: மாசிடோனியரான டார்கோ பான்செவுக்கு இரண்டு, ப்ரோசினெச்கி, போபன், ஷூகர் ஆகியோருக்கு ஆளுக்கொன்று. தகுதிச்சுற்றுகளில் பான்செவ் மொத்தம் பத்து கோல் அடித்தார். ஐரோப்பாவிலேயே அதுதான் அதிகம். எட்டு ஆட்டங்களில் ஏழு வெற்றி. இழந்த ஒரே ஆட்டம் அதே பெல்கிரேடில், மே 1 அன்று, 1-2 என்று. வென்றது டென்மார்க்.

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டென்மார்க்கின் கோப்பையை யாரோ விட்டுக்கொடுத்த பரிசாகப் பேசுகிறவர்கள் அந்த மே 1-ஐ மறந்துவிடுகிறார்கள். முழு பலத்தோடு இருந்த யூகோஸ்லாவியாவை அதன் சொந்த மைதானத்தில் வைத்தே வென்ற அணி டென்மார்க். தகுதிச்சுற்றில் இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். அந்தக் கோப்பைக்கு அடிக்குறிப்பு எதுவும் தேவையில்லை.

மே 16-க்குப் பதின்மூன்று நாள் கழித்து, இத்தாலியின் பாரி நகரில், பெல்கிரேடின் ரெட் ஸ்டார் மார்செய் அணியைப் பெனால்டியில் வென்று ஐரோப்பியக் கிளப் கோப்பையை எடுத்தது. மான்டனீக்ரோவின் சவிசெவிச், குரோஷியத் தந்தைக்கும் செர்பியத் தாய்க்கும் பிறந்த ப்ரோசினெச்கி, கடைசிப் பெனால்டியை அடித்த பான்செவ். ஒரு மாதத்துக்குள் நாடு உடையத் தொடங்கியது.

இன்னும் பின்னால் போனேன். 1990 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் பார்த்த தலைமுறைக்கு ஜூன் 30 ஆட்டம் நினைவிருக்கும். ஃபுளோரன்ஸில் அர்ஜென்டினாவோடு காலிறுதி. 31-வது நிமிடத்தில் ரெஃபிக் ஷபனாஜோவிச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அவர்தான் மரடோனாவைக் காவல் காத்தவர். மிச்ச நேரமும் கூடுதல் நேரமும் பத்துப் பேரை வைத்துக்கொண்டே யூகோஸ்லாவியா 0-0 என்று நிறுத்தியது. நிறுத்தியது என்பதுகூடச் சரியில்லை. பல கட்டங்களில் மேலோங்கி ஆடியது.

இதைக் கேமில் மறுபடி நிகழ்த்துவது வேடிக்கையான வேலை. பத்துப் பேரோடு ஆட்டத்தைத் தொடங்கும் வசதி கிடையாது. வேண்டுமென்றே பின்னாலிருந்து சறுக்கி எதிராளியின் காலை வாரி, சிவப்பு அட்டை வரும்வரை தப்பாட்டம் ஆட வேண்டும். நடுவர் அட்டையைத் தூக்கியதும் அந்தக் குட்டி வீரர் தலை குனிந்தபடி எல்லைக்கோட்டை நோக்கி நடக்கிறார். நடுக்களத்தில் ஓர் இடம் காலியாகிறது. அந்த ஓட்டையை அடைக்க யாரை இழுப்பது என்று தவிக்கும்போதுதான், புத்தகத்தில் படித்தபோது பிடிபடாத ஒன்று பிடிபட்டது. சில நிமிடங்களே ஓடும் கேமிலேயே மூச்சு முட்டுகிறது. ஓசிமின் ஆட்கள் ஜூன் மாத வெயிலில் அதை ஏறக்குறையத் தொண்ணூறு நிமிடங்கள் செய்தார்கள்.

பிறகு பெனால்டி. ஸ்டோய்கோவிச் அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. ப்ரோசினெச்கி போட்டார். மரடோனா அடித்ததை யூகோஸ்லாவிய கோல்காவலர் இவ்கோவிச் பிடித்தார். சவிசெவிச் போட்டார். அர்ஜென்டினாவின் ட்ரோக்லியோ பந்தைக் கம்பத்தில் அடித்தார். அந்த நொடியில் கதவு திறந்தே இருந்தது. ஆனால் ப்ர்னோவிச்சின் உதையையும், பிறகு ஃபருக் ஹஜிபெகிச்சின் உதையையும் அர்ஜென்டினாவின் கோல்காவலர் கோய்கோசேயா தடுத்தார். 3-2, அர்ஜென்டினா. ஹஜிபெகிச் அந்த ஒரு பெனால்டியைப் போட்டிருந்தால் நாடே பிழைத்திருக்குமோ என்று அந்த மண்ணில் பலர் இன்றும் கேட்கிறார்களாம். அவருடைய பெனால்டியைப் பற்றி இத்தாலியப் பத்திரிகையாளர் ஜிஜி ரிவா ஒரு நூலே எழுதியிருக்கிறார். அந்தக் கேள்வியின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பெனால்டியால் தேர்தல் முடிவுகளையும் படைகளையும் திருப்பியிருக்க முடியாது.

ஏனென்றால், ஃபுளோரன்ஸுக்கு முன்பே அணியின் நடுக்களத்தில் ஓர் இடம் காலி. 1990 மே 13 அன்று ஜாக்ரெபின் மக்சிமிர் மைதானத்தில் டைனமோ ஜாக்ரெபுக்கும் ரெட் ஸ்டாருக்கும் ஆட்டம் தொடங்கும் முன்பே கலவரம் வெடித்தது. ரசிகர் ஒருவரை அடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரரைப் போபன் பாய்ந்து உதைத்தார். ஆடத் தடை விதித்தார்கள். 21 வயதில் அவருக்கு உலகக் கோப்பை போயிற்று. மூன்று வாரம் கழித்து அதே மைதானத்தில் நெதர்லாந்துடன் நட்பு ஆட்டம். யூகோஸ்லாவியாவின் தேசிய கீதம் ஒலித்தபோது சொந்த நாட்டு ரசிகர்களே கூச்சலிட்டு அடக்கினார்கள். அந்த அணிதான் இத்தாலிக்குப் போய் ஸ்பெயினை வென்று காலிறுதிவரை வந்தது.

ஏழு திறன்களை நிரப்பும் கட்டங்களில் இதற்கெல்லாம் இடமில்லை. போபனுக்குப் பாஸும் கட்டுப்பாடும் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். அவர் மே 13 அன்று ஏன் உதைத்தார் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தொடக்கத்தைத் தேடி அதற்கும் முன்னால் போனால் 1987, சிலி. உலக இளையோர் சாம்பியன்ஷிப். பயிற்சியாளர் மிர்கோ யோசிச். போபன், ஷூகர், ப்ரோசினெச்கி, மியாடோவிச், ஷ்டிமாட்ஸ், யார்னி எல்லோரும் ஒரே அணி. போட்டியின் சிறந்த வீரர் ப்ரோசினெச்கி. சாண்டியாகோவில் மேற்கு ஜெர்மனியுடன் இறுதியாட்டம். போபன் 85-வது நிமிடத்தில் கோல் போட்டார். ஜெர்மனி உடனே சமன் செய்தது. பெனால்டியில் வெற்றி உதையையும் போபனே அடித்தார். ‘இப்படி நடந்திருந்தால்’ என்ற பேச்சு பிறந்த இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அந்த மைதானத்தைத்தான் காட்டுவேன். அந்தப் பையன்கள் இருபத்தைந்து வயதை எட்டும்போது எப்படி ஆடுவார்கள் என்று உலகம் அன்றே எண்ணத் தொடங்கியது.

ஒரு பழைய கணக்கையும் இங்கே பார்த்துவிட வேண்டும். யூகோஸ்லாவியா எப்போதுமே கோப்பையின் வாசல்வரை வந்து நிற்கும் அணி. 1960, 1968 ஐரோப்பிய இறுதிகளில் தோல்வி. 1948, 1952, 1956 ஒலிம்பிக்கில் தொடர்ந்து வெள்ளி, 1960-ல் ரோமில்தான் தங்கம். நமக்கும் அந்த அணி அந்நியமில்லை. 1952 ஹெல்சிங்கியில் இந்தியாவை 10-1 என்று தோற்கடித்தது. நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. 1956 மெல்போர்ன் அரையிறுதியில் நெவில் டிசோசாவின் கோலால் இந்தியா முன்னிலை எடுத்து, பிறகு 1-4 என்று தோற்றதும் அவர்களிடம்தான். இப்படிப்பட்ட வரலாறு உள்ள அணி 1992-ல் கட்டாயம் ஜெயித்திருக்கும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அந்த மாற்று வரலாற்றின் ஒரு பகுதி நடந்தே விட்டது என்பதுதான் நான் கண்டுகொண்டதில் எனக்குப் பிடித்தது. 1994-ல் ஏதென்ஸில் மிலான் பார்சிலோனாவை 4-0 என்று நொறுக்கியபோது போபனும் சவிசெவிச்சும் ஒரே சட்டையில் ஆடினார்கள். 1996-97 பருவத்தில் ரியால் மாட்ரிட்டுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த முன்கள ஜோடியில் ஒருவர் குரோஷியாவின் ஷூகர், இன்னொருவர் மான்டனீக்ரோவின் மியாடோவிச். நாட்டுச் சட்டையில் இந்த நான்கு பேருக்கும் ஒன்றாக ஆடும் வாய்ப்பு போய்விட்டது. கிளப் சட்டையில் இரண்டிரண்டு பேராகக் கிடைத்தது. 1998 உலகக் கோப்பையில் ஷூகர் ஆறு கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்க, குரோஷியா மூன்றாம் இடம் பிடித்தது. அதே போட்டியில் மியாடோவிச்சின் பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுத் தெறிக்க, யூகோஸ்லாவியா என்ற பெயரில் எஞ்சியிருந்த அணி நெதர்லாந்திடம் தோற்று வெளியேறியது. ப்ரோசினெச்கி 1990-ல் யூகோஸ்லாவியாவுக்கும் 1998-ல் குரோஷியாவுக்கும் உலகக் கோப்பையில் கோல் அடித்தார். இரண்டு நாடுகளுக்காக அப்படி அடித்தவர் வேறு யாருமில்லை.

ஓசிமைப் பற்றி இன்னொன்று. 2011-ல் போஸ்னியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கு மூன்று இனங்களுக்கும் மூன்று தலைவர்கள் என்ற ஏற்பாட்டைக் காரணம் காட்டி ஃபிஃபா தடை விதித்தது. அதைச் சரிசெய்ய அமைத்த குழுவுக்குத் தலைவர் ஓசிம்தான். தடை நீங்கியது; 2014 உலகக் கோப்பைக்குப் போஸ்னியா தகுதி பெற்றது.

உங்களிடம் பழைய கால்பந்து கேம் ஏதாவது இருந்து, இந்த அணியை உருவாக்கி ஆட ஆசையும் இருந்தால், 1992-ல் தொடங்காதீர்கள். அங்கே அணி இல்லை. 1991 மே 16 அன்று பெல்கிரேடில் ஆடியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் இடத்தில் ஓசிமின் பெயரை எழுதுங்கள். முதல் ஆட்டத்தை டென்மார்க்கோடு வையுங்கள்.