இஸ்தான்புல்லில் ஒரு நாள்... முன்னந்தலைக்காக!

இஸ்தான்புல் விமான நிலையத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். நெற்றியில் கறுப்புப் பட்டை, கழுத்தில் வளைந்த பயணத் தலையணை, மழித்த தலையில் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள் என்று ஆண்கள் வரிசையாகக் கடந்துபோவார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 'டர்க்கிஷ் ஏர்லைன்ஸ்' என்பதை 'டர்க்கிஷ் ஹேர்லைன்ஸ்' என்று கேலியாகச் சொல்லும் அளவுக்கு இது பழகிப்போன காட்சி.

நாம் முடியைக் கொடுப்பதற்காகப் பழநிக்கும் திருப்பதிக்கும் போகிறவர்கள். இந்த ஊருக்கோ முடி வேண்டி உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆகிற செலவோடு ஒப்பிட்டால் இங்கே கட்டணம் மிகக் குறைவு. விமான நிலையத்தில் அழைத்துப்போக கார், ஹோட்டல், மொழிபெயர்ப்பாளர் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தங்கை கணவரும் அப்படித்தான் வந்தார். வயது 34. துணைக்கு நான்.

காலை: கோடு போடும் நேரம்

கிளினிக் ஷிஷ்லி பகுதியில். முதல் நாள் இரவே சில கட்டளைகள் வந்துவிட்டன. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். டீ, காபி வேண்டாம். தலை வழியாகக் கழற்றும் டி-ஷர்ட் கூடாது. பட்டன் வைத்த சட்டைதான். மதுவையும் சிகரெட்டையும் ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளையும் பற்றிச் சில நாட்களுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். இதயத்துக்காக அத்தகைய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. தங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

போனதும் ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம், எல்லாக் கோணத்திலும் போட்டோ. பிறகு டாக்டர் மார்க்கர் பேனாவோடு வந்தார். முன்னந்தலையில் முடி எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கோடு போடும் வேலை. அந்த நாளிலேயே முக்கியமான கட்டம் இதுதான்.

மாப்பிள்ளை செல்போனில் தன் காலேஜ் போட்டோவைக் காட்டினார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, அதைவிட இரண்டு விரல் மேலே கோடு போட்டார். மாப்பிள்ளைக்கு முகம் வாடிப்போனது. "இவ்வளவு செலவு பண்ணிட்டு ஏறு நெற்றியோடவே போகணுமா மச்சான்?" என்று என்னிடம் கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் வழியாக டாக்டர் பொறுமையாக விளக்கினார். பின்னந்தலையிலும் பக்கவாட்டிலும் இருக்கும் முடிதான் வழுக்கைக்குத் தப்பும் ரகம். அதை எடுத்து எங்கே நட்டாலும் குணம் மாறாது. நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரென்ட்ரைக் 1950-களில் கண்டு சொன்ன இந்த உண்மைதான் சிகிச்சையின் அஸ்திவாரம். ஆனால், எடுத்த இடத்தில் அந்த முடி மறுபடி முளைக்காது. வாழ்நாளுக்கும் சேர்த்துக் கையிருப்பு சில ஆயிரம் வேர்கள்தான். 34 வயதில் நெற்றியை நிரப்ப எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால், 50 வயதில் உச்சந்தலை காலியாகும்போது நடுவதற்கு எதுவும் மிஞ்சாது. முன்னால் ஒரு தீவு, பின்னால் பொட்டல் என்று நிற்க வேண்டியதுதான்.

மாப்பிள்ளை கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு "சரி" என்றார்.

ஊசியும் அறுவடையும்

தலையை மழித்துவிட்டு, குப்புறப் படுக்க வைத்தார்கள். பல் பிடுங்கும்போது போடுகிற அதே வகை மரப்பு ஊசி, தலையைச் சுற்றிப் பல இடங்களில். நாள் முழுவதிலும் வலி என்றால் அந்த முதல் சில நிமிடங்கள்தான் என்றார் அவர். அதற்குப் பிறகு ஏதோ அழுத்துவது மட்டும்தான் தெரியுமாம்.

ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள வட்டக் கத்தியால் வேர்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பதற்கு 'எஃப்.யு.இ.' என்று பெயர். ஒரு வேர்க்கொத்தில் ஒன்று முதல் நான்கு முடிகள் வரை இருக்கும். எடுத்தவற்றைக் குளிர்ந்த திரவத்தில் போட்டு, ஒற்றை முடி, இரட்டை முடி என்று பிரித்து எண்ணி வைக்கிறார்கள்.

மதியம் சாப்பாட்டு இடைவேளை. அதன்பிறகு மல்லாந்து படுக்க வைத்து, நெற்றிப் பக்கம் மெல்லிய கீறல்கள். எந்தக் கோணத்தில் கீறுகிறார்களோ அந்தக் கோணத்தில்தான் முடி வளரும். முன் வரிசையில் ஒற்றை முடி, அதற்குப் பின்னால் இரண்டும் மூன்றும் உள்ளவை. நாற்று நடுவதைப் போலத்தான். முடிய ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். பலர் தூங்கியே விடுகிறார்கள்.

துணைக்குப் போகிறவர்கள் அவ்வளவு நேரமும் அங்கேயே காத்திருக்கத் தேவையில்லை. ஷிஷ்லியில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் தக்ஸிம் சதுக்கம். பழைய சிவப்பு டிராம் ஓடும் இஸ்திக்லால் வீதியில் எள் ஒட்டிய 'சிமித்' ரொட்டியைக் கடித்துக்கொண்டு நடந்தேன். கடைக் கண்ணாடிகள் முன்னால் நின்று தங்கள் முன்னந்தலையைப் பார்த்துக்கொள்ளும் கட்டுப்போட்ட தலைகள் அங்கேயும் இருந்தன.

இரவும் அடுத்த நாட்களும்

கட்டும் மாத்திரைகளும் கொடுத்து அன்று மாலையே ஹோட்டலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரவில் முதுகைச் சாய்த்து, பாதி உட்கார்ந்த நிலையில்தான் தூங்க வேண்டும். நட்ட இடம் எதிலும் உரசக் கூடாது. அடுத்த சில நாட்களில் நெற்றி வீங்கி, கண் வரை இறங்கலாம். நெற்றிப் பட்டை அதற்காகத்தான்.

வெயில், நீச்சல், துருக்கியின் புகழ்பெற்ற ஹமாம் குளியல் மூன்றும் கொஞ்ச நாட்களுக்கு வேண்டாம். அதனால் ஹாகியா சோஃபியா, நீல மசூதி, கிராண்ட் பஜார் எல்லாவற்றையும் சிகிச்சைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பிறகு பாஸ்பரஸ் படகில் நிழலான பக்கம் உட்காரலாம், அவ்வளவுதான்.

சில வாரங்களில் நட்ட முடி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பதற வேண்டாம், வேர் உள்ளேதான் இருக்கும். மூன்று, நான்கு மாதங்களில் புது முடி எட்டிப் பார்க்கும். முழு உருவம் தெரிய ஒரு வருடம் ஆகும்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

பல நாடுகளில் டாக்டர் பெயரை விளம்பரத்தில் போட்டுவிட்டு, கத்தியைப் பயிற்சி இல்லாதவர்கள் கையில் கொடுக்கிறார்கள். முடி சிகிச்சை மருத்துவர்களின் சர்வதேச அமைப்பே இதை எதிர்த்துப் பிரசாரம் செய்துவருகிறது. நம் சென்னையிலேயே 2016-ல் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனார். 2022-ல் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், இதைத் தகுதி பெற்ற மருத்துவர்கள்தான் செய்ய வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

எனவே, இஸ்தான்புல்லோ சென்னையோ, இந்தக் கேள்விகளை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கோடு போடுவது யார்? மரப்பு ஊசி போடுவது யார்? வேரை எடுப்பதும் கீறுவதும் யார்? டாக்டர் கடைசி வரை கட்டடத்தில் இருப்பாரா? அவசரம் என்றால் என்ன ஏற்பாடு? துருக்கி என்றால், வெளிநாட்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை தர அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் கொடுத்த அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறதா? இன்னும் எத்தனை வேர்கள் கையிருப்பில் மிஞ்சும்?

"எவ்வளவு வேண்டுமானாலும் நடலாம்" என்று சொல்லும் இடத்தைவிட, "இதற்கு மேல் வேண்டாம்" என்று சொல்லும் டாக்டரிடம் தலையைக் கொடுப்பது நல்லது.